வாசல் வரை வந்த சேதி

— அதாவது வந்து, டாக்டரம்மா, மேஜை ஆடாம தாங்குற காத்து சரியாத்தான் இருக்கு.

— சரியா இருந்தா ஏன் சார் படம் ஆடுது? நேத்தும் ஆடுச்சு, முந்தாநாளும் ஆடுச்சு. காலையில ஒன்பதே கால் ஆனா போதும், மைக்ராஸ்கோப்புக்கு அடியில இருக்கிற செல் எல்லாம் குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்குது. அரை நிமிஷம்தான். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி நின்னுடுது.

— கட்டடம் பழசு.

— பழசுன்னா நாள் முழுக்க ஆடணும்ல? இது என்னமோ ஆபீஸுக்கு வர்ற மாதிரி நேரத்துக்கு வந்து ஆடிட்டுப் போகுது. இதுல இன்னொரு வேடிக்கையும் இருக்கு. புதன்கிழமை மட்டும் ஆடுறதில்லை. இன்னிக்குப் பாருங்க, கல்லு மாதிரி நிக்குது.

— மேஜைக்கும் வாரம் ஒரு நாள் ஓய்வு வேணும்ல.

— சார், நீங்க ஜோக் அடிச்சு நான் கேக்குறது இதுதான் முதல் தடவை.

— காலுக்கு அடியில இருக்கிற குழாய் எல்லாத்தையும் கழட்டி மாட்டிட்டேன். ஒரு சொட்டுக் காத்துகூட கசியலை.

— போன தடவையும் அதைத்தான் பண்ணீங்க. அதுக்கு முந்தின தடவையும் அதையேதான். இது நாலாவது. நான் போன் பண்றேன், நீங்க ஸ்பேனரை எடுத்துக்கிட்டு வர்றீங்க, மேஜைக்கு அடியில படுக்குறீங்க, எழுந்திருக்குறீங்க, சட்டையைத் தட்டுறீங்க. வாசல் வரைக்கும் போறீங்க. அங்க நின்னு திரும்பிப் பார்க்கிறீங்க. ஏதோ சொல்ல வாயெடுக்கிறீங்க. அப்புறம் 'பார்த்துக்கலாம்'னு சொல்லிட்டுப் போயிடுறீங்க.

— பார்த்துக்கலாம்.

— ஆங், இதோ. இதேதான்.

— சும்மா, பழக்கம்.

— சரி, உட்காருங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோங்க. எனக்கும் இன்னிக்கு யார்கிட்டயாவது பேசினா தேவலாம்னு இருக்கு. நீங்கதான் இந்தக் கட்டடத்துலயே பேசாத ஆள். உங்ககிட்ட சொன்னா கிணத்துல போட்ட மாதிரி.

— சொல்லுங்க டாக்டரம்மா.

— முதல்ல இந்த டாக்டரம்மாவை விடுங்க. பட்டம் கையில வர்ற வரைக்கும் நான் வெறும் பொண்ணுதான். விஷயம் என்னன்னா, எனக்கு வேலை வந்திருக்கு. கடல் தாண்டி, ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல. நான் பண்ற ஆராய்ச்சியில உலகத்துலயே பெரிய கை அவங்கதான். மூணு வருஷத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. வர்றியா இல்லையான்னு இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் போடணும்.

— அடேங்கப்பா. நல்ல விஷயமாச்சே.

— வரலைன்னு எழுதப் போறேன்.

— ஏன்?

— ஏன்னா அம்மா. அப்பா தவறிப் போனப்போ நான் ஆறாவது படிச்சிட்டு இருந்தேன். அன்னிலேர்ந்து வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான். பகல் பூரா டவுன் பஸ் ஓட்டி ஊரையே ஏத்தி இறக்குறாங்க, வாய் ஓயாம கத்துறாங்க. வீட்டுக்கு வந்தா பேச நான் ஒருத்திதான். நானும் போயிட்டா சுவத்தோடதான் பேசணும். அவங்களுக்குன்னு ஒரு ஆள் இருந்தா அது வேற கதை.

— வேற கதைன்னா?

— வேற கதைன்னா வேற கதை சார். இருந்தா நான் இன்னிக்கே பெட்டி கட்டிடுவேன். இல்லை, அதனால கட்டலை.

— அதாவது வந்து...

— வந்து?

— வந்து... இதை உங்க அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?

— நல்லா சொன்னீங்க. சொன்னா என் கழுத்தைப் பிடிச்சு விமானத்துல தள்ளிட்டு, வீட்டுக்குப் போய் தலையணையில மூஞ்சியைப் புதைச்சு அழுவாங்க. நீங்க அவங்க பஸ்லதானே தினம் வேலைக்கு வர்றீங்க? வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க.

— நானா? நான் என்னிக்கு வாயைத் திறந்திருக்கேன்?

— அதுவும் சரிதான். இருங்க, யாரோ கதவைத் தட்டுறாங்க. யாரது? சிவப்பு விளக்கு எரிஞ்சா உள்ள வரக் கூடாது.

— உன் சிவப்பு விளக்குக்கெல்லாம் நிக்க இது ரோடா? நான்தான்டி குட்டி. கதவைத் திற, கை ரெண்டுலயும் டப்பா.

— அம்மா? நீ எங்க இங்க? உனக்கு இன்னிக்கு லீவாச்சே.

— லீவுன்னா காலை நீட்டிப் படுத்துக்கணுமா? மக பட்டினி கிடந்து படம் பிடிக்கிறாளேன்னு சாப்பாடு எடுத்துட்டு வந்தேன். எம்மாடி, என்ன இருட்டு, என்ன குளிர். பொணத்தை வைக்கிற ரூம் மாதிரி இருக்கு. பாலத்துக்கு அந்தப் பக்கம் இறக்கி விட்டுட்டான் அந்தப் பய, அங்கேர்ந்து வெயில்ல நடந்தே வந்தேன்.

— அங்கதானேம்மா ஸ்டாப்.

— ஸ்டாப் அங்கதான், யார் இல்லைன்னா? நம்ம டிப்போ டிரைவராச்சே, கூட வேலை பார்க்கிறவளுக்காக இந்த வாசல் கேட் பக்கத்துல ஒரு நிமிஷம் நிறுத்தினா என்ன, தேஞ்சா போயிடுவான்?

— பாரேன், யார் பேசுறதுன்னு. சார், நீங்களே நியாயம் சொல்லுங்க. போன வருஷம் கொட்டுற மழை. கையில குடை இல்லை, நான் கீழ கேட் பக்கத்துல நனைஞ்சுக்கிட்டு நிக்கிறேன். இவங்க பஸ் வருது. கை காட்டுறேன். அம்மா அம்மான்னு கத்துறேன். என்ன பண்ணாங்க தெரியுமா? சிரிச்சுக்கிட்டே டாட்டா காட்டிட்டுப் போயிட்டாங்க.

— ஸ்டாப் இல்லாத இடத்துல நிறுத்தினா மெமோ கொடுப்பான்டி. ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டா அம்மாவும் கிடையாது மகளும் கிடையாது. இத்தனை வருஷ சர்வீஸ்ல கண்ட இடத்துல நிறுத்துறவன்னு எனக்கு ஒரு பேர் உண்டா? கேளு, டிப்போல போய்க் கேளு.

— சார், ஏன் இப்படி இருமுறீங்க?

— தூசி. மேஜைக்கு அடியில ஒரே தூசி.

— ஓ, சாரும் இங்கதான் இருக்காரா. இருட்டுல கவனிக்கலை.

— கவனிக்காமலா டப்பாவை நேரா அவர் கையில கொடுத்தே?

— கை நீட்டினார், கொடுத்தேன். ரெண்டு பேரும் பேசிட்டு இருந்தீங்களா?

— ஆமா.

— என்ன பேசினீங்க?

— மேஜையைப் பத்தி.

— மேஜையைப் பத்தி மட்டுமா?

— வேற எதைப் பத்தி பேசுவார் இவர்? கல்லுளிமங்கன்.

— கல்லுளிமங்கனேதான். நல்லா சொன்னே.

— அதை விடு. இந்த நீலச் சட்டை எப்ப எடுத்தே? நான் பார்த்ததே இல்லையே. சாப்பாடு கொடுக்க வர்றதுக்கா புதுசு உடுத்திக்கிட்டு வந்தே?

— யூனிபார்மையே போட்டுப் போட்டு அலுத்துப் போச்சு. ஏன், எனக்கு நீலம் நல்லா இல்லையா?

— நல்லாத்தான் இருக்கு. அதான் கேக்குறேன்.

— ஏங்க, அந்த மூலை விளக்கைக் கொஞ்சம் போடுங்களேன், இவ மூஞ்சியே தெரியலை எனக்கு.

— ஏங்க-வா?

— பின்ன, பெரிய மனுஷனை டேய்னா கூப்பிடுறது? மரியாதைடி. அது கிடக்கட்டும், இத்தனை வருஷமா இந்த இருட்டுக்குள்ள உட்கார்ந்து நீ அப்படி என்னதான் பார்க்கிறே? இன்னிக்கு எனக்குக் காட்டு. யாராவது கேட்டா, மக ஏதோ புளிச்ச மாவைப் பார்க்கிறான்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன்.

— புளிச்ச மாவு இல்லைம்மா, ஈஸ்ட். ரொட்டியில போடுறது. வா, இப்படி வந்து திரையைப் பாரு. பெரிசா ஒரு உருண்டை தெரியுதா? அதோட ஒட்டிக்கிட்டு சின்னதா ஒரு மொட்டு?

— தெரியுது. கத்தரிக்கா மாதிரி.

— பெரிசு அம்மா செல். அந்த மொட்டு அவளோட மக. இன்னும் பிரிஞ்சு போகலை. கழுத்து மாதிரி ஒரு வழி இருக்கு பாரு, ரெண்டுக்கும் நடுவுல.

— அட, பேரே அம்மா மகதானா? இல்லை எனக்காக வச்சியா?

— எல்லா ஊர் புத்தகத்துலயும் அப்படித்தான். இப்ப அந்த அம்மாவுக்குள்ள பச்சையா ஒரு புள்ளி மினுக்குது, பார்த்தியா? அதுதான் என் சோறு தண்ணி. அதுக்குப் பேர் மெசஞ்சர் ஆர்.என்.ஏ. மூலக் குறிப்பு எல்லாம் செல்லோட நடுவுல பத்திரமா பூட்டி இருக்கும், வெளிய வராது. அதுலேர்ந்து ஒரு வரியை மட்டும் நகல் எடுத்து வெளிய அனுப்புறாங்க. அந்த நகல்தான் சேதி. சேதியைப் படிச்சாத்தான் புரதம் தயாராகும், வேலை நடக்கும். நான் அதுல பச்சை விளக்கு கட்டி விட்டிருக்கேன், போறது வர்றது தெரியுறதுக்கு.

— எங்க போகுது அது?

— மககிட்ட. அம்மாவுக்குள்ளதான் பொறக்குது, ஆனா இந்தச் சேதியில ஒண்ணைக்கூட அம்மா தனக்குன்னு வச்சுக்கிறதில்லை. அத்தனையும் மகளுக்கு. அதைச் சுமந்துக்கிட்டுப் போக ஒரு ஆள் இருக்கு, மோட்டார் புரதம்னு சொல்லுவோம். செல்லுக்குள்ள நூல் நூலா பாதை போட்டிருக்கு. அது மேல அடி எடுத்து வச்சு நடந்தே போகும்.

— டிரைவர்.

— டிரைவரேதான். இந்தச் சேதிக்கு எந்தப் பக்கம் போகணும்னு அந்த ஆளுக்கு எப்படித் தெரியும் சொல்லு?

— போர்டு மாட்டியிருப்பாங்க.

— கிட்டத்தட்ட. சேதியோட உடம்புலயே சில இடத்துல ஒரு மாதிரி மடிச்சு மடிச்சு வச்சிருக்கும். அந்த மடிப்புதான் முகவரி. சுமக்கிறவன் அந்த மடிப்பைத் தடவிப் பார்த்துட்டுத்தான் தூக்குவான். மடிப்பை நான் கலைச்சு விட்டா, போற ஊர் தெரியாம அம்மாவுக்குள்ளேயே சுத்திக்கிட்டுக் கிடக்கும்.

— சரி, போய்ச் சேர்ற வரைக்கும் நடுவுல யாரும் படிச்சிட மாட்டாங்களா? பஸ்ல ஒருத்தன் போன் பார்த்தாலே பக்கத்து சீட்டுக்காரன் எட்டிப் பார்ப்பான்.

— அம்மா, இந்தக் கேள்வியைக் கேக்க நான் ரெண்டு வருஷம் படிச்சேன். படிக்க விடமாட்டாங்க. வழி முழுக்க அந்தச் சேதி வாய்மேல கையை வச்சுப் பொத்திக்கிட்டே வர்றதுக்குன்னு தனியா ஒரு ஆள் உண்டு. மகளோட வாசலைத் தாண்டி, அந்த மொட்டோட நுனி வரைக்கும் போன பிறகுதான் கையை எடுப்பான். அங்கதான் படிக்கணும்.

— என்ன சேதி அது? அப்படி ரகசியமா?

— 'நீ மாறாதே.'

— என்னது?

— இந்த ஈஸ்ட்டுல ரெண்டு ரகம் உண்டு, ஆண் பெண் மாதிரின்னு வச்சுக்கோயேன். அம்மா செல் நினைச்சா ஒரு ரகத்துலேர்ந்து இன்னொரு ரகமா மாறிடலாம். மக மாறக் கூடாது. இந்தச் சேதி அவளுக்குள்ள போய்ப் புரதமாகி, மாறுற கதவைச் சாத்தி வச்சிடும்.

— நல்லாயிருக்கே கதை. அம்மாக்காரி மட்டும் இஷ்டத்துக்கு மாறிக்குவா, மகளுக்கு மட்டும் மாறாதேன்னு ஆள் விட்டுச் சொல்லி அனுப்புவாளா? பெத்தவ செய்யற காரியமா இது?

— அவளுக்கும் ஒரு மொட்டு வந்துட்டா அவளும் மாறலாம்.

— அதாவது காலாகாலத்துல கல்யாணம் பண்ணிக்கோன்னு உன் ஈஸ்ட்டே சொல்லுது.

— ஆரம்பிச்சிட்டியா? சார், நீங்க ஏன் டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு சிலை மாதிரி நிக்கிறீங்க? நீங்களும் பாருங்க. இதெல்லாம் சாதாரண ஈஸ்ட். என் தலையைத் தின்னுறது அடுத்த தட்டுல இருக்கு. இதோ மாத்துறேன். இந்த ரகத்துல நான் ஒரே ஒரு குறும்பு பண்ணியிருக்கேன். சேதி பொறக்கும், மடிப்பு சரியா இருக்கும், ஆள் தூக்கிக்கிட்டுப் போவான், மக வீட்டு நுனி வரைக்கும் போய்ச் சேரும். ஆனா அங்க போயும் அதைப் படிக்க முடியாதபடி பண்ணிட்டேன்.

— வாயைத் திறக்க முடியாத சேதி.

— அதேதான் சார். என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?

— அதாவது வந்து... அங்கேயே நிக்கும். ஒரு நாள் திறக்கலாம்னு.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். இப்ப பச்சைப் புள்ளியைப் பாருங்க. போகுதா? கழுத்தைத் தாண்டுச்சா? நுனிக்குப் போயிடுச்சு. நல்லாப் பாரும்மா.

— போயிடுச்சு. ஐயோ, என்னடி, திரும்பி வருது.

— திரும்பி வந்துடும். சொன்ன சேதிதான் அங்க தங்கும். படிக்க ஆரம்பிச்சாத்தான் அது அந்த இடத்தைப் பிடிச்சுக்கும். சொல்லாத சேதிக்குப் பிடிமானமே கிடையாது. வாசல் வரைக்கும் போகும், எட்டிப் பார்க்கும், வந்த வழியே நழுவி அம்மாகிட்டயே போயிடும். மறுபடி யாராவது தூக்கிக்கிட்டு வருவாங்க, மறுபடி திரும்பிப் போகும்.

— எத்தனை தடவை இப்படி அலையும்?

— ஒரு புள்ளி நாலு தடவை வந்துட்டுப் போனதைப் பார்த்திருக்கேன்.

— நாலு தடவை.

— நாலு.

— கேட்டீங்களா? ஏங்க, உங்களைத்தான். காது கேட்டுச்சா?

— கேட்டுச்சு.

— சொன்னீங்களா இல்லையா?

— அதாவது வந்து...

— வந்து வந்துன்னு மாசம் ஒண்ணாச்சு. தினம் காலையில இன்னிக்குச் சொல்லிடறேன், இன்னிக்குச் சொல்லிடறேன்னு சொல்லிட்டு இறங்குறது. சாயங்காலம் என்னாச்சுன்னு கேட்டா, மேஜை ஆடுச்சு, அதைப் பார்த்தேன், பார்த்துக்கலாம். மேஜையா உங்களுக்குப் பொண்ணு?

— அம்மா, என்ன நடக்குது இங்க? சார், நான் சொன்னதை அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?

— நீ என்னடி சொன்னே இவர்கிட்ட?

— நீ என்ன சொல்லச் சொன்னே இவர்கிட்ட?

— ரெண்டு பேரும் கொஞ்சம் உட்காருங்க.

— உட்காரு குட்டி. இவர் வாயிலேர்ந்து ஒரு முழு வாக்கியம் வந்திருக்கு.

— டாக்டரம்மா, உங்க அம்மா ஒரு மாசத்துக்கு முன்னாடி என்கிட்ட ஒரு சேதி கொடுத்தாங்க. உங்ககிட்ட சேர்த்துடுங்கன்னு. ரோட்டுல லாரிக்காரனையே அடக்குற ஆள்தான், ஆனா இதை உங்ககிட்ட சொல்ல அவங்களுக்கு வெட்கம். அவ சிரிச்சுடுவா, நீங்களே சொல்லுங்கன்னாங்க. நானும் சொல்லத்தான் வந்தேன். நாலு தடவையும் சொல்லத்தான் வந்தேன். முதல் தடவை பயம். நீங்க என்ன நினைப்பீங்களோன்னு. ரெண்டாவது தடவையும் பயம்தான். மூணாவது தடவை வர்றப்போ நீங்க அப்பாவைப் பத்திப் பேசிட்டு இருந்தீங்க. அப்போ போய் நான் எப்படி வாயைத் திறப்பேன்? இன்னிக்கு எப்படியும் சொல்லிடணும்னு வந்தா, நீங்க உங்க சேதியை என் கையில கொடுத்து, அம்மாகிட்ட மூச்சு விடாதீங்கன்னுட்டீங்க. ரெண்டு பேர் வாயையும் பொத்திக்கிட்டு நடுவுல நான் ஒருத்தன். இப்ப ரெண்டையும் சொல்லிடறேன், யார் வேணா திட்டிக்கோங்க. டிரைவரம்மா, உங்க மகளுக்குக் கடல் தாண்டி பெரிய வேலை வந்திருக்கு. நீங்க தனியா ஆயிடுவீங்கன்னு, வரலைன்னு எழுதப் போறாங்க. டாக்டரம்மா, உங்க அம்மா தனியா ஆக மாட்டாங்க. நான் இருக்கேன். இத்தனை நாளும் தனிக்கட்டையா இருந்துட்டேன். நீங்க சரின்னா, நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். அவ்வளவுதான். தண்ணி இருக்கா?

— இந்தாங்க, குடிங்க. மெதுவா.

— குட்டி.

— ம்.

— ஏதாவது பேசேன்டி. சிரிக்கணும்னா சிரிச்சுடு, எனக்கு ஒண்ணுமில்லை.

— சிரிக்கலைம்மா.

— அப்ப அழறியா?

— தெரியலை. சந்தோஷமாத்தான் இருக்கு. ரெண்டும் ஒண்ணா வருது.

— உனக்குப் பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடு. நான் மனசுல எதையும் வச்சுக்க மாட்டேன். இவரும் வச்சுக்க மாட்டார். வச்சுக்கிட்டாலும் வெளிய சொல்ல மாட்டார்.

— பிடிக்காம என்ன? நீ ஒரு வார்த்தை என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல?

— நீ மட்டும் சொன்னியாக்கும்? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டு என்னைக் கேக்க வந்துட்டா. வேலை வந்திருக்கு, உலகத்துலயே பெரிய இடம், அது இந்த மனுஷனுக்குத் தெரியும், இந்த மேஜைக்குத் தெரியும், பெத்தவளுக்குத் தெரியாது.

— உன்னை எப்படிம்மா விட்டுட்டுப் போறது?

— அதைத்தான் கேக்குறேன். இந்தா பாரு, விளையாட்டுக்குச் சொல்லலை. இவர் வந்தார், சரி. என் அதிர்ஷ்டம். இவர் வரலைன்னு வச்சுக்கோ. அப்பவும் நீ போயிருக்கணும். சுவத்தோட பேசினா பேசிட்டுப் போறேன், சுவரு என்ன எதிர்த்தா பேசப் போகுது? உன் ஈஸ்ட்டுக்காரி வேணா மகளுக்கு ஆள் விட்டு 'மாறாதே'ன்னு சொல்லி அனுப்பலாம். நான் உனக்கு அப்படி ஒரு சேதி என்னிக்குடி அனுப்பினேன்? ஒரு நாள், ஒரு வார்த்தை?

— அனுப்பலை.

— பின்ன?

— நானா எழுதி, நானா படிச்சுக்கிட்டேன்.

— கிழிச்சுப் போடு அதை. எங்க உன் கம்ப்யூட்டர்? இப்பவே பதில் எழுது. நான் பார்க்க எழுது. வர்றேன்னு. பெரிய எழுத்துல.

— பெரிய எழுத்துல எல்லாம் எழுதக் கூடாதும்மா, கத்துற மாதிரி இருக்கும்.

— கத்துற மாதிரியே இருக்கட்டும். டிரைவர் மகன்னு அவங்களுக்கும் தெரியட்டும்.

— சரி, எழுதிட்டேன். இந்தப் பட்டனை அமுக்கினா போயிடும். நீயே அமுக்கு.

— எது, இதுவா? அமுக்கிட்டேன். போச்சா?

— போயிடுச்சு.

— திரும்பி வராதே?

— வராது. இது படிக்கிற சேதி.

— அப்பாடா. இப்பத்தான் எனக்குப் பசிக்குது. ஏங்க, அந்த டப்பாவைத் திறங்க. மூணு பேருக்கும் சேர்த்துத்தான் கட்டிட்டு வந்தேன்.

— மூணு பேருக்கா? அப்ப இன்னிக்கு எப்படியும் சொல்லிடறதுன்னு நீயும் முடிவு பண்ணித்தான் வந்திருக்கே.

— நீலச் சட்டை பின்ன எதுக்குங்கிறே?

— டாக்டரம்மா, சாப்பிட்டு முடிச்சதும் அந்த மேஜையை இன்னொரு தடவை பார்த்துடட்டுமா? நீங்க ஊருக்குப் போறதுக்குள்ள அந்த ஆட்டத்தை நிறுத்திக் கொடுத்துடணும்.

— வேண்டாம் சார். மேஜையில ஒரு குறையும் இல்லை. அது எனக்கு முதல் நாளே தெரியும்.

— தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேவா இவரை நாலு தடவை கூப்பிட்டு தரையில உருள விட்டே?

— பின்ன எப்படிம்மா இவர் வாயைத் திறக்க வைக்கிறது? நானும் இவர் வாசல்ல நிக்கிறப்பல்லாம் இன்னிக்குச் சொல்லுவார், இன்னிக்குச் சொல்லுவார்னு பார்த்தேன். கடைசியில கடல் தாண்டி வந்த வேலையையே எடுத்து முன்னாடி வச்சும் 'அதாவது வந்து'தான்.

— அடிப்பாவி. உனக்கு முன்னாடியே தெரியுமா? நாங்க ரெண்டு பேரும் யார்கிட்டயும் மூச்சு விடலையே. உனக்கு யாருடி சொன்னா?

— கொட்டுற மழையில பெத்த மக கை காட்டியும் நிக்காத பஸ், புதன்கிழமை தவிர தினம் காலையில ஒன்பதே காலுக்கு, என் ஜன்னலுக்குக் கீழ, ஸ்டாப்பே இல்லாத இடத்துல, என் படமெல்லாம் நடுங்க அரை நிமிஷம் நின்னு யாரைம்மா இறக்கி விடுது?